மூன்று புலியும் பதினைந்து ஆடும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் சிறியது. போர் விளையாட்டு ஒன்றைப் பலகையின்மேல் நடத்த எத்தனை காய்கள் வேண்டும் என்பதே அது. வானொலியில் பேசுவதற்கு இதைவிடப் பெரிய பொருள் கிடைக்கவில்லையா என்று சிலர் கேட்கலாம். விளையாட்டில் எண் ஏன் இத்தனை என்று அமைந்தது என ஆராயப் புகுந்தால், கணக்கும் வரலாறும் மனத்தின் இயல்பும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. ஆகவே சிறிது நேரம் பொறுமையோடு கேட்குமாறு வேண்டுகிறேன்.

நான் முக்கூடலில் வாழ்பவன். தாமிரவருணிக் கரையில், சேரன்மாதேவிக்கு அணித்தாக உள்ள ஊர் அது. முக்கூடற்பள்ளு என்னும் நூலால் புகழ்பெற்ற முக்கூடல் வேறு. தாமிரவருணியோடு சிற்றாறு வந்து கலக்கும் சீவலப்பேரிக்கு உரிய பழம்பெயர் அது. இரண்டு முக்கூடலையும் ஒன்றென மயங்குவார் உளர். ஆதலின் முதலிலேயே சொல்லிவிட்டேன். எங்கள் ஊர் பீடித் தொழிலுக்குப் பெயர் பெற்றது. திண்ணையில் தட்டை மடிமேல் வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்களின் கைகள் ஒருபுறம் ஓயாமல் இயங்க, அதே திண்ணையின் மறுபுறத்தில் பிள்ளைகள் கரிக்கோடு கிழித்து ஆடுபுலி ஆடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

அப்படி ஆடிக்கொண்டிருந்த ஒரு சிறுவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். "சார், புலி மூன்று, ஆடு பதினைந்து என்று ஏன் வைத்தார்கள்? நூறு ஆடு, இருபது புலி வைத்தால் இன்னும் நன்றாக இருக்குமே!" என்றான். நல்ல கேள்வி. 'முன்னோர் வைத்தார்கள், ஆடு' என்று சொல்லி அவன் வாயை மூடிவிட எனக்கு மனம் வரவில்லை. அன்று தொடங்கிய எண்ணங்களையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

முதலில் ஒரு வேற்றுமையைத் தெளிந்துகொள்ள வேண்டும். பொம்மைகளைக் காண்பதற்காக வைப்பது ஒன்று. ஆடுவதற்காக வைப்பது மற்றொன்று. நவராத்திரியில் கொலு வைக்கிறோம். மூன்று படி, ஐந்து படி, ஏழு படி, ஒன்பது படி என்று படிகள் உயர உயர வீட்டாருக்குப் பெருமை. ஆண்டுதோறும் ஒரு புதிய பொம்மை வாங்கிச் சேர்ப்பது வழக்கம். அங்கே எண்ணிக்கை கூடக் கூட அழகும் கூடுகிறது. ஏனெனில், கொலுவிலுள்ள எந்தப் பொம்மையும் இடம் பெயர்வதில்லை. கண் ஒருமுறை மேலிருந்து கீழ்வரை ஓடினால் போதும். கைக்கு அங்கே வேலை இல்லை.

மேல்நாட்டிலும் இத்தகைய கொலு ஒன்று உண்டு. 1815-ஆம் ஆண்டில் நடந்த வாட்டர்லூப் போரை வில்லியம் சிபோர்ன் என்னும் ஆங்கிலேயப் படை அலுவலர் ஒரு பெரிய மேடையின்மேல் அப்படியே அமைத்துக் காட்டினார். வயல், சாலை, பண்ணை வீடு யாவும் அளவு குறைத்துச் செய்யப்பட்டன. அவற்றினிடையே 70,000-க்கு மேற்பட்ட சிற்றுருவ வீரர்கள் நிறுத்தப்பட்டனர். 1838-ஆம் ஆண்டில் இலண்டன் மக்கள் கூட்டங்கூட்டமாகச் சென்று அதனைக் கண்டார்கள். காண்பதற்கு அது வியப்பே. ஆனால் அதை வைத்து இருவர் விளையாட முடியுமா? ஒரு வீரனை நகர்த்த ஒரு நொடி என்று கொண்டாலும், எல்லாரையும் ஒருமுறை நகர்த்தி முடிக்கவே 19 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆட்டக்காரர் உறங்கிவிடுவார், போர் தொடங்கியிராது.

ஆகவே ஆட்டம் என்று வந்தவுடன் எண்ணுக்கு ஒரு மேல்வரம்பு தானே அமைந்துவிடுகிறது. கீழ்வரம்பும் உண்டு. ஒரு காயை மட்டும் வைத்துக்கொண்டு போர் நடத்த இயலாது. இவ்விரண்டுக்கும் இடையே எந்த எண் நிறைவு தரும் என்பதே நம் கேள்வி. இதற்கு விடை காண நாம் மேல்நாட்டுக்குச் செல்லவேண்டுவதில்லை. நம் திண்ணையிலேயே தொடங்கலாம்.

கேட்டுக்கொண்டிருக்கும் மாணவர்கள் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஓர் உச்சிப்புள்ளி இடுங்கள். அதிலிருந்து நான்கு சாய்வுக்கோடுகள் கீழ்நோக்கி விரிந்து இறங்கட்டும். அந்நான்கின் அடிநுனிகளையும் ஒரு கோட்டால் இணையுங்கள். இது அடிக்கோடு. உச்சிக்கும் அடிக்கோட்டுக்கும் இடையே மூன்று படுக்கைக்கோடுகள் கிழியுங்கள். அவை முக்கோணத்துக்கு வெளியே இடப்புறமும் வலப்புறமும் சிறிது நீண்டிருக்க வேண்டும். நீண்ட நுனிகளை இருபுறமும் நிமிர்கோட்டால் இணைத்துவிட்டால் பலகை ஆயத்தம். இனிப் புள்ளிகளை எண்ணுங்கள். உச்சியில் 1, மூன்று படுக்கைக்கோடுகளிலும் கோட்டுக்கு 6 வீதம் 18, அடிக்கோட்டில் 4. ஆக 23 புள்ளிகள்.

இந்த 23 புள்ளிகளில்தான் மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் போராடுகின்றன. புலிகள் முதலிலேயே உச்சியிலும் அதனை அடுத்தும் அமர்ந்துவிடும். ஆட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் ஓர் ஆட்டைப் பலகையில் இறக்குவார். புலிக்காரர் ஒரு புலியை நகர்த்துவார். பதினைந்து ஆடும் இறங்கிய பின்னரே ஆடுகள் நகரலாம். அடுத்த புள்ளியில் ஆடு இருந்து, அதே கோட்டில் அதற்கு அப்பாலுள்ள புள்ளி காலியாக இருந்தால், புலி தாண்டிச் சென்று அந்த ஆட்டை வெட்டும். ஆட்டுக்கு வெட்டும் ஆற்றல் இல்லை. எல்லாப் புலிகளையும் அசையவொட்டாமல் அடைப்பது ஒன்றே அதன் வெற்றி. எத்தனை ஆடு வெட்டுப்பட்டால் புலிக்கு வெற்றி என்பதை ஊருக்கு ஊர் வேறுவேறாகக் கொள்வர்.

இப்பொழுது கணக்குக்கு வருவோம். பலகையின் நடுவே, நாற்புறமும் வழியுள்ள புள்ளியில் ஒரு புலி இருக்கிறது என்று கொள்ளுங்கள். அதனை அடைக்க எத்தனை ஆடு வேண்டும்? வழிக்கு ஒன்றாக நான்கு என்று விரைந்து சொல்லிவிடக்கூடாது. ஒற்றை ஆடு நின்றால் புலி தாண்டிவிடும். அதற்குப் பின்னே இன்னொரு காய் துணை நிற்க வேண்டும். ஆகவே வழிக்கு இரண்டாக எட்டு ஆடுகள் வேண்டும். மூன்று புலிகளும் இவ்வாறு நடுவே தனித்தனியாக நின்றால் 24 ஆடுகள் தேவை. பலகையிலோ மூன்று புலிகள் போக எஞ்சியிருப்பது 20 புள்ளிகளே! எனவே நடுவெளியில் உலவும் புலிகளை வெறும் எண்ணிக்கையால் வெல்லுதல் இயலாத செயல்.

அப்படியானால் மூலையைப் பாருங்கள். பலகையில் ஆறு மூலைகள் உள்ளன. இருபுறத்து நிமிர்கோடுகளின் நுனிகள் நான்கு. அடிக்கோட்டின் நுனிகள் இரண்டு. மூலையிலுள்ள புலிக்கு வழி இரண்டே. எனவே நான்கு ஆடுகள் அதனை அடைத்துவிடும். மூன்று புலிகளும் மூன்று மூலைகளில் அகப்பட்டால், ஒன்றுக்கு நான்காகப் பன்னிரண்டு ஆடுகள் போதும். பதினைந்தில் பன்னிரண்டு போனால் மீதி மூன்று. அந்த மூன்றே ஆட்டுக்காரர் இழக்கத்தக்க முதல் என்று தோன்றுகிறது அல்லவா?

ஆனால் சிக்கனம் அறிந்தவர் இதனினும் குறைவாகவே செலவிடுவார். இடப்புற நிமிர்கோட்டின் மேல் நுனியில் ஒரு புலி, கீழ் நுனியில் ஒரு புலி, அடிக்கோட்டின் இடமூலையில் ஒரு புலி என்று வையுங்கள். இனி ஆடுகளை வையுங்கள். நிமிர்கோட்டின் நடுவில் ஒன்று. முதற் படுக்கைக்கோட்டில் புலியை அடுத்து இரண்டு. மூன்றாம் படுக்கைக்கோட்டில் புலியை அடுத்து இரண்டு. அடிக்கோட்டில் மூலைப் புலியை அடுத்து இரண்டு. இடப்புறத்து முதற் சாய்வுக்கோட்டை நடுப்படுக்கைக்கோடு வெட்டும் இடத்தில் ஒன்று. ஆக எட்டு. மூன்று புலிகளில் எதுவும் அசைய முடியாது. நிமிர்கோட்டின் நடுவில் நிற்கும் ஓர் ஆடு இரண்டு புலிகளை மறிக்கிறது. அந்த ஆட்டுக்குப் பின்துணை மற்றப் புலியே! ஒரு புலியே இன்னொரு புலிக்குத் தடையாகிவிடுகிறது. மூன்றாம் படுக்கைக்கோட்டில் உள்ள முதல் ஆடும் இரண்டு புலிகளுக்கு மறிப்பாக நிற்கிறது. தாளில் இட்டுப் பார்த்து நீங்களே சோதித்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கிலிருந்து பதினைந்து என்னும் எண்ணின் நுட்பம் புலப்படுகிறது. முறையாகத் திட்டமிட்டால் எட்டு ஆடுகளாலும் புலியை அடைக்கலாம். நடுவெளியில் ஒவ்வொரு புலியையும் தனித்தனியாக அடைக்கப் புகுந்தால் இருபதும் போதா. பதினைந்து என்பது இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. ஓர் ஆடு வெட்டுப்பட்டால் நெஞ்சில் உறைக்கிறது. ஆயினும் ஆட்டம் முடிந்துவிடவில்லை. இரண்டு போனால் கவலை. நான்கு போனால் அச்சம். இழப்புக்கும் தோல்விக்கும் இடையே நினைத்துப் பார்க்க இடம் இருக்கிறது. அந்த இடந்தான் ஆட்டம்.

ஆடுகளை ஒன்பதாகக் குறைத்து ஆடிப் பாருங்கள். முதல் இரண்டு ஆடுகள் வீழ்ந்தவுடனே எஞ்சியவை ஏழு. மேலே சொன்ன எட்டு ஆட்டு வளையத்துக்குக்கூட அவை போதா. ஆட்டுக்காரரின் உற்சாகம் அப்போதே வடிந்துவிடும். பத்தொன்பதாகப் பெருக்கிப் பாருங்கள். எல்லாம் இறங்கி எதுவும் வெட்டுப்படாவிட்டால் பலகையில் ஒரே ஒரு காலிப்புள்ளி எஞ்சும். நகர இடமில்லாமல் நெருக்கமே மிஞ்சும். பதினைந்து ஆடும் மூன்று புலியும் நின்றால் 18 புள்ளிகள் நிறைந்து 5 புள்ளிகள் காலியாக இருக்கும். காய்களை எண்ணுகிறவர்கள் காலியிடத்தையும் எண்ண வேண்டும். காலியிடம் இருந்தாலல்லவா காய்க்குக் கால் முளைக்கும்?

நம் நாட்டுக்கு வடக்கே நேபாளத்தில் 'பாக் சால்' என்றோர் ஆட்டம் உண்டு. அதுவும் ஆடுபுலி ஆட்டமே. ஆனால் பலகை வேறு. வரிசைக்கு 5 ஆக 25 புள்ளிகள். புலிகள் 4, நான்கு மூலைகளில் தொடங்கும். ஆடுகள் 20. ஐந்து ஆடு வெட்டுப்பட்டால் புலிக்கு வெற்றி. இங்கே ஒரு வியப்பு உண்டு. நம் ஆட்டத்தில் 3 புலிக்கு 15 ஆடு. அவர்கள் ஆட்டத்தில் 4 புலிக்கு 20 ஆடு. இரண்டிலும் ஒரு புலிக்கு ஐந்து ஆடு! பலகை மாறியும் விகிதம் மாறவில்லை. இவ்வாட்டத்தைக் கணிப்பொறி கொண்டு ஆராய்ந்த லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் ஆகிய இரு அறிஞர்கள், இருபுறத்தாரும் பிழையின்றி ஆடினால் வெற்றி தோல்வி இல்லாமல் முடியும் என்று கண்டறிந்து 2009-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வலிமை சமமில்லாத இரண்டு கட்சிகளை எண்ணிக்கையால் சமன்செய்ய முற்பட்ட அந்நாளையோர், கணிப்பொறி இல்லாமலே துலாக்கோலை நேர்நிறுத்தியிருக்கிறார்கள்.

ஐரோப்பாவில் நரியும் வாத்தும் என்றோர் ஆட்டம். சிலுவை வடிவான 33 புள்ளிப் பலகை, ஒரு நரி, பல வாத்துகள். பழங்காலத்தில் வாத்துகள் 13. பின்னாளில் 15 என்றும் 17 என்றும் உயர்த்தினார்கள். நரிக்கே வெற்றி மிகுந்தபோது வாத்துகளைக் கூட்டி ஈடுகட்டினர். ஆகவே இத்தகைய எண்கள் ஒரு நாளில் ஒருவர் வகுத்தவை அல்ல என்பது விளங்கும். தலைமுறை தலைமுறையாக ஆடி, சலித்து, மாற்றி, மீண்டும் ஆடிப் பார்த்து மக்கள் கண்ட எண்கள் இவை.

இனிச் சதுரங்கத்துக்கு வருவோம். இருபுறமும் சமவலிமை உள்ள படைகள் மோதும் ஆட்டம் இது. தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நான்கு உறுப்புகள் உடைமையால் படைக்குச் சதுரங்கம் என்று பெயர். நம் இதிகாசத்தில் ஓர் அக்குரோணிச் சேனைக்குக் கணக்கு கூறப்பட்டிருக்கிறது. தேர் 21,870, யானை 21,870, குதிரை 65,610, காலாள் 1,09,350. கூட்டினால் 2,18,700. பாரதப் போரில் பாண்டவர் பக்கம் 7, கௌரவர் பக்கம் 11, ஆக 18 அக்குரோணிகள். எத்தனை பெரிய எண்! ஆயின் அதே கணக்கில் மிகச் சிறிய அலகும் ஒன்று உண்டு. அதற்குப் பத்தி என்று பெயர். ஒரு தேர், ஒரு யானை, மூன்று குதிரை, ஐந்து காலாள். ஆகப் பத்து உறுப்புகள். அந்தப் பத்தியையே மும்மூன்றாகப் பெருக்கிக்கொண்டுபோய், இறுதியில் பத்தால் பெருக்கி அக்குரோணியை அமைத்தார்கள். எவ்வளவு பெரிய சேனையும் கைவிரல்களால் எண்ணத்தக்க ஒரு சிறு குழுவிலிருந்தே எழுகிறது என்பதைக் கவனியுங்கள்.

சதுரங்கப் பலகையை வகுத்தவர்கள் இரண்டு இலட்சத்தை நாடவில்லை. பத்துக்கு அணித்தாக நின்றார்கள். தேர் 2, யானை 2, குதிரை 2, காலாள் 8, அரசன், மந்திரி, ஆகப் பதினாறு. இருபுறமும் சேர்ந்து 32 காய்கள், கட்டங்கள் 64. தொடக்கத்தில் சரிபாதி நிறைவு, சரிபாதி வெளி. இந்தியாவிலிருந்து சென்ற இவ்வாட்டம் போன இடமெல்லாம் உருமாறியது. சீனர்களும் ஆளுக்குப் பதினாறு காய்களே வைத்தார்கள். அவர்கள் பலகையில் புள்ளிகள் 90. ஜப்பானியர் 81 கட்டங்களில் ஆளுக்கு 20 காய்கள் வைத்தார்கள். அதே ஜப்பானில் பெரும்பசி கொண்ட சிலர், 625 கட்டங்களில் ஆளுக்கு 177 காய்கள் வைத்து 'தாய் ஷோகி' என்றோர் ஆட்டத்தையும் வகுத்தனர். இருபது காய் ஆட்டம் இன்று ஜப்பான் முழுவதும் ஆடப்படுகிறது. நூற்றெழுபத்தேழு காய் ஆட்டத்தை ஆடுவார் மிக அரியர்.

இதற்குக் காரணம் யாது? மனித மனத்தின் கொள்ளளவே காரணம் என்று தோன்றுகிறது. 1956-ஆம் ஆண்டில் ஜார்ஜ் மில்லர் என்னும் அமெரிக்க உளநூலறிஞர் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். ஒரே நேரத்தில் நம் நினைவில் நிறுத்தத்தக்க பொருள்கள் ஏறத்தாழ ஏழு. இரண்டு கூடலாம், இரண்டு குறையலாம் என்பது அதன் கருத்து. ஏழுதான் எல்லை என்றால் முப்பத்திரண்டு காய்களை எவ்வாறு ஆளுகிறோம்? 1973-ஆம் ஆண்டில் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்னும் இருவர் இதற்கு விடை தேடினர். உண்மையான ஆட்டத்தின் நிலை ஒன்றைச் சில நொடிகள் காட்டி மறைத்தால், தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களை மறவாது மீண்டும் வைத்துவிடுகிறார். புதியவரால் சிலவற்றையே வைக்க முடிகிறது. காய்களைத் தாறுமாறாகப் பரப்பிக் காட்டினாலோ தேர்ந்தவருக்கு அச்சிறப்பு இல்லாமற் போகிறது. தேர்ந்தவர் காய்களைத் தனித்தனியாகக் காண்பதில்லை, கூட்டங்கூட்டமாகக் காண்கிறார். அரசனும் அவனைக் காக்கும் மூன்று காலாளும் அவருக்கு ஒரே பொருள். நம் சிறுவர்கள் நான்கு ஆடுகளை ஒரு வேலியாகக் காண்பதும் இதுவேயன்றோ?

சிற்றுருவ வீரர்களை மேசைமேல் நிறுத்தி ஆடும் போர் விளையாட்டு மேல்நாட்டில் வளர்ந்த வரலாறும் இதற்குச் சான்று தருகிறது. ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ், 1913-ஆம் ஆண்டில் 'லிட்டில் வார்ஸ்' என்னும் பெயரால் ஒரு விளையாட்டு விதிநூல் வெளியிட்டார். வீட்டுத் தரையில் ஈய வீரர்களை நிறுத்தி, மரக்குச்சி எறியும் பொம்மைப் பீரங்கியால் சுட்டு ஆடும் ஆட்டம் அது. வீரர் பெருகினால் ஒருவர் நகர்த்தி முடிப்பதற்குள் எதிராளி சோர்ந்துவிடுவார் என்பதை வெல்ஸ் நன்கு அறிந்திருந்தார். ஆதலின் 30 வீரருக்கு ஒரு நிமிடம், பீரங்கி ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்று காலவரையறை செய்தார். 110 வீரரும் 3 பீரங்கியும் உடைய படைக்கு ஏழு நிமிடம். எண்ணிக்கையின் உண்மையான விலை காலமே என்பதை இவ்விதி காட்டுகிறது. பிற்காலத்தார் இன்னும் சுருக்கினர். 1990-ஆம் ஆண்டில் பிரிட்டனில் வெளியான 'டி பெல்லிஸ் ஆண்டிகுவிடாட்டிஸ்' என்னும் விதிநூல், எந்தப் பழங்காலப் படையாயினும் பன்னிரண்டு கூறுகள் என்றே வரையறுத்தது. சில உருவங்களை ஒரே அட்டையில் ஒட்டிவைத்து அதனை ஒரு கூறாகக் கொள்வர். கண்ணுக்குப் பல வீரர்கள். கைக்குப் பன்னிரண்டே காய்கள்.

பன்னிரண்டு, பதினைந்து, பதினாறு, இருபது. வெவ்வேறு நாட்டார் வெவ்வேறு காலத்தில் வகுத்த ஆட்டங்கள் இந்தச் சிறிய எல்லைக்குள் வந்து சேர்வதைக் காண்கிறோம். இதுவே இறுதி விதி என்று நான் கூற வரவில்லை. பல்லாங்குழியில் குழிக்கு ஐந்து முத்து என்று இட்டால் 14 குழிக்கு 70 முத்து ஆகிறது. ஆயினும் அங்கே நாம் ஆள்வது முத்தை அன்று, குழியை. ஆளுக்கு ஏழு குழிகளே. ஆகவே நிறைவான எண்ணைத் தேடுகிறவர்கள் சில கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் போதும். இந்தக் காய் ஒன்று போனால் எனக்கு வருத்தமாக இருக்குமா? எல்லாக் காய்களின் நிலையும் ஒரு பார்வையில் என் மனத்தில் நிற்குமா? நகர்வதற்கு வெளி இருக்கிறதா? விளக்கு வைக்கும் நேரத்துக்குள் ஆட்டம் முடியுமா? எல்லாவற்றுக்கும் ஆம் என்றால் எண் சரி. முதற் கேள்விக்கு இல்லை என்றால் காய் மிகை.

முதற் கேள்வியைப் பற்றி மேலும் ஒரு சொல் கூற விரும்புகிறேன். பொழுதுபோக்கை விட்டு இப்பொருள் நம்மைச் சிறிது உயர்த்துவது இவ்விடத்திலேதான்.

1812-ஆம் ஆண்டில் பிரஷிய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்பவர் தம் அரசனுக்கு ஒரு போர்ப்பயிற்சி ஆட்டம் செய்து காட்டினார். அவர் மகன் அதனைத் திருத்தி 1824-இல் வெளியிட்டார். 'கிரீக்ஸ்ஷ்பீல்' என்பது அதன் பெயர். போர் ஆட்டம் என்பதே பொருள். உண்மையான நிலப்படத்தின்மேல் சிறு கட்டைகளை நகர்த்திப் படை அலுவலர்கள் பயின்றார்கள். ஒரு நடுவர் உண்டு, பகடை உண்டு. ஆனால் அங்கே ஒரு கட்டை ஒரு வீரன் அன்று. நூற்றுக்கணக்கான வீரர்கள் சேர்ந்து ஒரு கட்டை. மேசைமேல் காய்கள் குறைந்தன. ஒவ்வொரு காய்க்குள்ளும் மறைந்து நின்ற மனிதர்கள் பெருகினார்கள். ஒரு கட்டையை எடுத்துப் பெட்டிக்குள் போடும் கை, நூற்றுக்கணக்கான வீடுகளில் அழுகுரல் எழுவதைக் கேட்பதில்லை.

நம் தாமிரவருணிச் சீமையும் போர் அறியாத சீமை அன்று. 1799-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் வீரபாண்டியக் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாறு, நமக்கு நெடுந்தொலைவு அன்று. 1801-ஆம் ஆண்டில் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மீண்டும் முற்றுகையிடப்பட்டு வீழ்ந்தது. அக்கோட்டையைக் காத்து மாண்டவர்களில் பெயர் தெரிந்தவர் சிலர். பெயர் தெரியாதவர் பலர். சதுரங்கம் முடிந்தால் அரசனும் காலாளும் ஒரே பெட்டிக்குள் அடங்கி, மறுநாள் மீண்டும் வருவார்கள். பாஞ்சாலங்குறிச்சியில் வீழ்ந்தவர்கள் மீண்டு வரவில்லை. ஆடுபுலியில் ஓர் ஆடு வெட்டுப்படும்போது 'ஐயோ' என்று சொல்லும் சிறுவனிடம், நாளை ஒரு பெரும்பொறுப்பை ஒப்படைக்க எனக்கு அச்சமில்லை. நூறு ஆட்டில் ஒன்று போனால் என்ன என்று எண்ணப் பழகியவனிடமே எனக்கு அச்சம். 'நூறு ஆடு வைத்தால் என்ன?' என்று கேட்ட சிறுவனுக்கு நான் சொன்ன விடையும் ஏறத்தாழ இதுதான். நூறு வைக்கலாம், தம்பி. ஆனால் அவற்றுள் ஒன்றையேனும் உன்னால் காப்பாற்ற நினைக்க முடியுமா என்று கேட்டேன். அவன் சிறிது நேரம் பலகையையே பார்த்திருந்தான். பிறகு, "பதினைந்தே கஷ்டமாகத்தான் இருக்கிறது, சார்" என்றான்.

நண்பர்களே, இவ்வளவு நுட்பமான ஆட்டத்துக்கு ஆகும் செலவு என்ன? ஒன்றுமில்லை. நம் நாட்டுப் பழைய கோயில்களின் மண்டபத் தளக்கற்களில் இந்தப் பலகை வெட்டப்பட்டிருப்பதைப் பலவிடங்களில் காணலாம். வழிப்போக்கரும் காவலரும் பொழுது கழிக்கக் கீறியவை அவை. காலடி பட்டுப் பட்டு அக்கோடுகள் தேய்ந்துவருகின்றன. தளத்தைப் புதுப்பிக்கும்போது சில மறைந்தும் போகின்றன. உங்கள் ஊர்க் கோயிலுக்குச் செல்லும்போது தளத்தைச் சற்றுக் குனிந்து பாருங்கள். கோடு தென்பட்டால் அதனைத் தாளில் வரைந்துகொள்ளுங்கள், புள்ளிகளை எண்ணுங்கள். 23 இருக்கிறதா, கூடவோ குறையவோ இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். அவ்வூர்ப் பெரியவர்களிடம் எத்தனை ஆடு, எத்தனை புலி என்று கேளுங்கள். வேறு எண் சொன்னால் அதனையும் ஆடிப் பாருங்கள். கணக்கு ஆசிரியரிடம் காட்டி ஏன் என்று ஆராயுங்கள். இது ஒரு விடுமுறைக்கு உகந்த பணி.

காய்களுக்கும் குறைவில்லை. ஆடுகளுக்குப் புளியமுத்து போதும். புலிகளுக்கு ஆற்றங்கரைக் கூழாங்கல் போதும். இன்னும் அழகு வேண்டுமானால், காருகுறிச்சியில் மண் வனைவோர் இருக்கின்றனர். அம்பாசமுத்திரத்தில் மரத்தைக் கடைந்து சொப்பு செய்வோர் இருக்கின்றனர். மூன்று புலியும் பதினைந்து ஆடும் செய்து தருமாறு அவர்களைக் கேட்கலாம். பதினெட்டே உருவங்கள். அவை ஒரு சிறுவனின் இரு கைகளுக்குள் அடங்கிவிடும். இன்று மாலை உங்கள் தம்பியையோ தங்கையையோ அழைத்து, ஆடுகளை நீங்கள் எடுத்துக்கொண்டு, புலிகளை அவர்களிடம் கொடுத்து ஆடத் தொடங்குங்கள்.